மேட்ச்ல யாரு ஜெயிக்கணும்னு ஆண்டவர் முடிவு பண்றாரா? விசுவாசமும் விளையாட்டும் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

சபையில வாலிபப் பசங்களோட பழகுற எல்லாருக்கும் இந்தக் கேள்விங்க பழக்கம்தான், கூடுகை முடிஞ்சு டீ குடிக்கும்போதுதான் முக்காவாசி வரும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சேர்ந்த பசங்க கேப்பாங்க, ஞாயித்துக்கிழமை கோச்சிங்குக்கு பிள்ளைய அனுப்பலாமா வேணாமான்னு குழம்புற அம்மா அப்பா கேப்பாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன்.

நேராவே கேக்குறேன், கடவுளுக்கு ஸ்போர்ட்ஸ்ல அக்கறை இருக்கா?

விளையாடுறவங்க மேல கண்டிப்பா இருக்கு. ஸ்கோர் மேல இருக்குன்னு சொல்ல பைபிள்ல எனக்கு ஒரு ஆதாரமும் கிடைக்கல. ஒரு காசுக்கு ரெண்டுன்னு விக்கிற அடைக்கலான் குருவியில ஒண்ணு கூட பிதாவுக்குத் தெரியாம தரையில விழாதுன்னு இயேசு சொல்லியிருக்கார் (மத்தேயு 10:29), அப்படின்னா பெனால்டிய மிஸ் பண்ணிட்டு நடு கிரவுண்ட்ல உக்காந்து அழுவுற பையன அவர் பாக்காம இருப்பாரா. நல்லாவே பாக்குறார். ஆனா அதுலேருந்து தாவி, "அப்ப அந்தப் பந்த உள்ள போக வெச்சிருக்கணுமே"ன்னு கேக்குறோம் பாருங்க, குழப்பம் பூரா அங்கதான் ஆரம்பிக்குது.

பைபிள்ல விளையாட்டு பத்தி இருக்கா?

நிறைய பேர் நெனைக்கிறத விட அதிகமாவே இருக்கு. பவுல் கொரிந்து பட்டணத்துல ஒன்றரை வருஷம் தங்கி ஊழியம் பண்ணவர் (அப்போஸ்தலர் 18:11). அந்த ஊருக்குப் பக்கத்துலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இஸ்த்மியன் போட்டி நடக்கும், ஒலிம்பியா மாதிரியே பெரிய போட்டி, ஓட்டம், மல்யுத்தம், குத்துச்சண்டை, தேர்ப்பந்தயம்னு எல்லாம் உண்டு. ஜெயிச்சவனுக்குத் தங்க மெடல்லாம் கிடையாது, பைன் மர இலையிலயோ காட்டு செலரி இலையிலயோ கட்டின ஒரு கிரீடம், கொஞ்ச நாள்ல காஞ்சு போயிடும். அதே ஊர்க்காரங்களுக்குத்தான் பவுல் எழுதுறார், பந்தயத்துல ஓடுற எல்லாரும் ஓடுவாங்க ஒருத்தனுக்குத்தான் பரிசு, அழிஞ்சு போற கிரீடத்துக்காக அவங்க இவ்ளோ அடக்கமா இருக்காங்களே, அழியாத கிரீடத்துக்கு நாம எப்படி இருக்கணும்னு (1 கொரிந்தியர் 9:24-27). அந்தக் காஞ்ச இலைக்காக மாசக்கணக்குல பயிற்சி எடுத்தவங்கள அந்த ஊர்ல எல்லாரும் பாத்திருப்பாங்க, அதனால அவர் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கல. பவுல் அந்த வீரர்களக் கேலி பண்ணல, அவங்க கட்டுப்பாட்டப் பாத்து கத்துக்கோன்னுதான் சொல்றார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சங்கீதம் 104:26. கடல்ல லிவியாதான்ங்கிற பெரிய பிராணிய எதுக்குப் படைச்சார்னு அங்க போட்டிருக்கு, விளையாடுறதுக்காம். சகரியா 8:5-ல ஆண்டவர் திரும்ப எடுத்துக் கட்டப்போற எருசலேம் எப்படி இருக்கும்னா, தெரு நெறைய ஆம்பளப் பிள்ளைங்களும் பொம்பளப் பிள்ளைங்களும் விளையாடிட்டு இருப்பாங்கன்னு வருது. பாபிலோன் சிறையிருப்புலேருந்து திரும்பி வந்து இடிஞ்சு கிடக்கிற ஊரப் பாக்குற ஜனங்களுக்கு அவர் சொன்ன நல்ல செய்தியில இதுவும் ஒண்ணு! விளையாட்டு அவருக்குப் பிடிக்காத விஷயமா இருந்தா இது அங்க வந்திருக்குமா?

அதே சமயம் சங்கீதம் 147:10, 11-ஐயும் படிச்சிடுங்க, வீரனோட கால்கள்ல அவர் பிரியப்படமாட்டார், தமக்குப் பயந்து தம்மோட கிருபைக்குக் காத்திருக்கிறவங்க மேலதான் பிரியம்னு இருக்கு. எவ்ளோ வேகமா ஓடுறோம்ங்கிறத வெச்சு அவர்கிட்ட நமக்கு மார்க் கூடவும் செய்யாது குறையவும் செய்யாது.

ரெண்டு டீம்லயும் விசுவாசிங்க இருக்காங்க, ரெண்டு பேரும் ஜெபம் பண்றாங்க. ஆண்டவர் யாரக் கேப்பார்?

ரெண்டு பேரையும் கேப்பார். ஜெபத்த எண்ணிப் பாத்து எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் கோல் போட விடுறவர் இல்ல அவர். 2014 உலகக் கோப்பை செமி பைனல ஞாபகம் வெச்சிருப்பீங்க, உலகத்துலயே அதிக கத்தோலிக்கர் இருக்கிற நாடு பிரேசில், சொந்த மண்ணு, ஸ்டேடியத்துல எத்தன பேர் கையில ஜெபமாலை இருந்திருக்கும், ஆனா ஜெர்மனி 7-1ன்னு ஜெயிச்சிட்டுப் போனாங்க. அன்னிக்கு ஆண்டவர் பிரேசிலக் கைவிட்டார்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். நல்லவங்க மேலயும் தீயவங்க மேலயும் ஒரே சூரியன உதிக்க வைக்கிறவர் (மத்தேயு 5:45), ஒரே மழைய அனுப்புறவர், அந்த மழையால மேட்ச் டிரா ஆனாலும் ரெண்டு டீமுக்கும் தான் ஒரு பாயிண்ட்.

அப்ப ஜெயிக்கணும்னு ஜெபம் பண்ணவே கூடாதா?

பண்ணலாம். மனசுல இருக்கிறத மறைச்சிட்டு பக்தியா வேற எதையோ சொல்றதுல என்ன இருக்கு, அவருக்குத் தெரியாதா? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவே தமக்கு என்ன வேணும்னு வெளிப்படையாக் கேட்டார், அப்புறம் உம்முடைய சித்தம் ஆகட்டும்னு சொன்னார். ரெண்டையும் அதே வரிசையில சொல்லிப் பழகுங்க. கூடவே யாருக்கும் அடிபடக் கூடாது, பயம் போகணும், அம்பயர் பாக்காத இடத்துலயும் நான் ஏமாத்தக் கூடாதுன்னு கேளுங்க. எதிர் டீமுக்கும் ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டு உள்ள போறவன் கிரவுண்ட்ல கெட்ட வார்த்தை பேசுறது குறையுது, இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸ் இயேசுவுக்கு நன்றி சொன்னாங்களே, அது ஆண்டவர் ஜெயிக்க வெச்சார்னு சொல்றதுதானே?

இந்தக் கேள்வி 2025 அக்டோபர் 30-க்கு அப்புறம் நிக்காம வருது. அன்னிக்கு நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துல மகளிர் உலகக் கோப்பை செமி பைனல், ஆஸ்திரேலியா 338 அடிச்சுட்டாங்க. அவ்ளோ பெரிய ஸ்கோர பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்ல அதுவரைக்கும் யாருமே சேஸ் பண்ணதில்ல. ஜெமிமா 127 நாட் அவுட், இந்தியா 5 விக்கெட்ல ஜெயிச்சுது. முடிஞ்சதும் அழுதுக்கிட்டே இயேசுவுக்கு நன்றி சொன்னாங்க, என்னால தனியா இத பண்ணியிருக்க முடியாதுன்னு சொன்னாங்க, கடைசி நேரத்துல உடம்புல தெம்பே இல்லாதப்ப ஒரு வசனத்தத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்னாங்க. நாம சின்ன வயசுலேருந்து மனப்பாடமா சொல்ற அதே யாத்திராகமம் 14:14தான், "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்."

அவங்க பேசினத முழுசாக் கேட்டீங்கன்னா இன்னொண்ணு புரியும். அதே டோர்னமென்ட்ல ரெண்டு தடவை டக் அவுட், இங்கிலாந்து மேட்ச்ல டீம்லயே எடுக்கல, பதட்டம் தாங்காம நாள் தவறாம அழுதிருக்காங்க, அம்மாவுக்கு போன் பண்ணி அழுதிருக்காங்க. இத்தனையும் உலகத்துக்கு முன்னாடி மைக்ல சொன்னாங்க. அந்தச் சாட்சியில எனக்குப் பெருசாத் தெரியுறது இந்தப் பகுதிதான், செஞ்சுரி ரெண்டாவதுதான். டக் அவுட் ஆன நாள்லயும் கூட இருந்தவருக்கு அவங்க நன்றி சொன்னாங்க. அந்த செமி பைனல்ல ஜெமிமா 82 ரன்ல இருக்கும்போது ஆஸ்திரேலியாவோட அலிசா ஹீலி ஒரு ஈஸி கேட்ச விட்டாங்க, ஆண்டவர்தான் ஹீலி கையத் தட்டி விட்டார்னு ஜெமிமா சொல்லல, நாமளும் சொல்ல வேணாம். ஹீலியும் அவர் படைச்ச பொண்ணுதான்.

அதுக்கு அப்புறம் சோசியல் மீடியால அவங்க மேல கொட்டின வெறுப்பப் பாத்தப்ப ரொம்ப வலிச்சுது. ஜெயிச்சவுடனே சாமி பேரச் சொல்லி நன்றி சொல்றது இந்த நாட்டுல எல்லா மதத்துக்காரங்களும் பண்றதுதான்.

பேட்லயும் ஷூலயும் பிலிப்பியர் 4:13 எழுதிக்கலாமா?

எழுதிக்கோங்க, பாஸ்கெட்பால் வீரர் ஸ்டீபன் கரி கூட அந்த வசனத்தத் தன்னோட ஷூவுல போட்டிருக்கார். ஆனா அதுக்கு முன்னாடி இருக்கிற 11, 12-வது வசனத்தையும் படிச்சிட்டு எழுதுங்க. பவுல் அத எழுதினது சிறையில இருந்து. தாழ்ந்திருக்கவும் தெரியும் வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியா சாப்பிடவும் தெரியும் பட்டினி கிடக்கவும் தெரியும்னு சொல்லிட்டுத்தான் எல்லாத்தையும் செய்ய எனக்குப் பெலன் இருக்குங்கிறார். தோத்துட்டு டிரஸ்ஸிங் ரூம் திரும்புற நாளத் தாங்குற பெலனும் அதுக்குள்ள இருக்கு. சதம் அடிக்கிற நாளுக்கு மட்டும்னு வெச்சுக்கிட்டா அந்த வசனத்துல பாதிய நாமளே வேணாம்னு விட்ட மாதிரி ஆயிடும்.

டிம் டீபோ 316 யார்ட் போட்டது அற்புதம் இல்லையா?

தெரியாதவங்களுக்காக: அமெரிக்கன் புட்பால் வீரர் டிம் டீபோ, 2009 ஜனவரி 8 அன்னிக்கு காலேஜ் சாம்பியன்ஷிப் மேட்ச்ல கண்ணுக்குக் கீழ பூசுற கறுப்பு மை மேல யோவான் 3:16-ன்னு எழுதிட்டு ஆடினார். சரியா மூணு வருஷம் கழிச்சு, 2012 ஜனவரி 8, பிட்ஸ்பர்க் டீமுக்கு எதிரா டென்வருக்காக ஆடினப்ப அவர் பாஸ் பண்ணது மொத்தம் 316 யார்ட். கேக்கும்போதே புல்லரிக்கும், கோடிக்கணக்கான பேர் அந்த வசனத்தத் தேடிப் படிச்சாங்க, அதுக்காக நான் உண்மையிலேயே சந்தோஷப்படுறேன்.

ஆனா அதுக்கு அடுத்த வாரம் என்னாச்சுன்னு யாரும் பார்வர்ட் பண்றதில்ல. நியூ இங்கிலாந்துகிட்ட 45-10ன்னு தோத்தாங்க, ரெண்டு மாசத்துல டென்வர் அவர வேற டீமுக்கு அனுப்பிட்டாங்க. 316 ஆண்டவரோட கையெழுத்துன்னா 45-10 யாரோட கையெழுத்து? நம்பரத் தேடி விசுவாசத்தக் கட்டினா அடுத்த நம்பர் அத இடிச்சிடும். யோவான் 3:16 உண்மையா இருக்கிறதுக்கு 316 யார்ட் தேவையில்ல.

உயிரக் குடுத்து ஜெபிச்சும் தோத்துட்டேன். கோவம் வருது, தப்பா?

தப்பில்ல, அந்தக் கோவத்த அவர்கிட்டயே கொட்டுங்க. 2010 நவம்பர்ல அமெரிக்கன் புட்பால்ல பபலோ டீமோட ஸ்டீவ் ஜான்சன், ஓவர்டைம்ல கையில வந்து விழுந்த பந்த விட்டுட்டார், மேட்ச் போச்சு. அன்னிக்கே டிவிட்டர்ல, நாள் பூரா உம்மைத் துதிக்கிறேனே, எனக்கு இப்படியா செய்வீர்னு ஆண்டவரையே கேட்டுட்டார். ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல. சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்க, எதுவரைக்கும் கர்த்தாவே என்னை மறந்திருப்பீர்னு தாவீது கேட்டதும் இதே தொனிதான். கேக்க உறவு இருக்கு, அதனால கேக்குறோம்.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கப் வாங்கினவன மட்டும் மேடையேத்தி சாட்சி சொல்ல வைக்காதீங்க. முதல் ரவுண்ட்லயே வெளிய வந்துட்டு, அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்து பாட்டுப் பாடுறானே ஒரு பையன், அவனுக்கும் மைக் குடுங்க. ஜெயிச்சவன் சாட்சியையே கேட்டு வளர்ற பிள்ளை, தான் தோக்குற அன்னிக்கு ஆண்டவருக்குத் தன்னப் பிடிக்கலன்னு முடிவு பண்ணிடும்.

ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடலாமா?

இதுதான் வீட்டுக்கு வீடு சண்டை. எரிக் லிடெல் கதை பாதி எல்லாருக்கும் தெரியும். 1902-ல சீனாவுல பிறந்த ஸ்காட்லாந்து மிஷனரி பையன், 100 மீட்டர் ஓட்டத்துல பிரிட்டனோட நம்பிக்கை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அதோட ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று, ஜூலை 6, ஞாயிறு. ஓட மாட்டேன்னுட்டார். கடைசி நிமிஷ முடிவும் இல்ல, அட்டவணை மாசக்கணக்குக்கு முன்னாடியே தெரியும், அதனால 400 மீட்டருக்குத் தயாரானார், 200-லயும் ஓடினார். அந்த ஞாயிறு பாரிஸ்ல ஸ்காட்டிஷ் சர்ச்ல பேசினார். 200-ல வெண்கலம், ஜூலை 11 அன்னிக்கு 400 மீட்டர்ல 47.6 விநாடியில தங்கம்.

மீதிப் பாதிதான் முக்கியம். அடுத்த வருஷமே சீனாவுக்கு ஊழியத்துக்குப் போயிட்டார். ரெண்டாம் உலக யுத்தத்துல ஜப்பான்காரங்க அவர அங்க வெய்சியன் கைதி முகாம்ல அடைச்சாங்க, அங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்து விளையாட்டு நடத்தினார். ஞாயித்துக்கிழமை விளையாட்டுல கலந்துக்க மாட்டேன்னுதான் அங்கயும் இருந்தார். ஆனா ரெப்ரி இல்லாம பசங்க ஹாக்கி ஆடி அடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமையே அவர் போய் ரெப்ரியா நின்னார். ஒலிம்பிக்ஸ் தங்கத்துக்காக வளைஞ்சு குடுக்காத மனுஷன், அந்தப் பிள்ளைங்க சண்டை போடக் கூடாதுன்னு தன்னோட நாளக் குடுத்தார். 1945 பிப்ரவரி 21, அதே முகாம்ல மூளைக் கட்டியால இறந்துட்டார், 43 வயசு. கனடாவுல பிறந்த மூணாவது மகள அவர் பாக்கவே இல்ல.

இதே மாதிரி நியூசிலாந்து ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸ் ஞாயிறு மேட்ச்ல இறங்க மாட்டார், 1995 உலகக் கோப்பை டீம்ல அவர எடுக்காததுக்கு அதுதான் காரணம்.

உங்க வீட்டுக்கு என்ன முடிவுன்னு கேட்டா, ரோமர் 14:5 படிச்சு அவங்கவங்க மனசுல நிச்சயமா இருங்க. என் கருத்து: வருஷத்துல ஒண்ணு ரெண்டு டோர்னமென்ட் ஞாயிறுல வந்தா காலைல முதல் ஆராதனைக்கோ சனிக்கிழமை ஆராதனைக்கோ போயிட்டு ஆடலாம். வாரா வாரம் கோச்சிங் ஞாயிறு காலைலதான்னா, பிள்ளை சபைன்னா என்னன்னே தெரியாம வளரும், அந்த அகாடமிய மாத்திடுங்க.

ஜோனதன் எட்வர்ட்ஸ் ஞாயிறு ஆடாம இருந்தவர்தானே, கடைசில விசுவாசத்தையே விட்டுட்டாரே?

ஆமா. பிரிட்டன் வீரர், டிரிபிள் ஜம்ப்ல (மும்முறைத் தாண்டுதல்) 1995-ல 18.29 மீட்டர் தாண்டினவர், அந்த உலக சாதனை முப்பது வருஷம் ஆகியும் நிக்குது. ஞாயிறுங்கிறதால 1991 உலகப் போட்டியையே விட்டவர், 1993-ல மனச மாத்திக்கிட்டு ஞாயிறும் ஆட ஆரம்பிச்சார், 2000 சிட்னில தங்கம். ரிட்டயர் ஆன பிறகு தனக்கு இப்ப விசுவாசம் இல்லன்னு 2007-ல வெளிப்படையாச் சொல்லிட்டார். ஞாயிறு ஆடினதாலதான்னு சிலர் சொல்றது எனக்குச் சரியாப் படல, ஒரு மனுஷனோட உள்ள நடந்தத நம்ம வசதிக்கு விளக்கக் கூடாது. விளையாட்டும் விசுவாசமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போனா, விளையாட்டு முடியுற அன்னிக்கு மத்ததும் ஆடுமான்னு ஒவ்வொரு வீரனும் முன்கூட்டியே தன்னையே கேட்டுக்கிறது நல்லது, அவ்ளோதான் சொல்வேன். அவருக்காக ஜெபிக்கலாம்.

"சரீரமுயற்சி அற்ப பிரயோஜனம்"னு எங்க சபை பெரியவங்க விளையாட விட மாட்டேங்குறாங்க.

1 தீமோத்தேயு 4:8. அற்பம்னாலும் பிரயோஜனம் உண்டுன்னுதானே போட்டிருக்கு! பெரியவங்க பயத்துக்குப் பழைய காரணம் உண்டு, கி.பி. 200 வாக்குல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்ல தெர்த்துல்லியன்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமப் பேரரசோட விளையாட்டுக் காட்சிகளுக்குக் கிறிஸ்தவங்க போகக் கூடாதுன்னு கடுமையா எழுதினார். அங்க விக்கிரக பூஜை நடந்துது, மனுஷன மனுஷன் கொல்றதப் பாத்து கூட்டம் கை தட்டுச்சு, எழுதாம எப்படி இருப்பார்.

ஆனா இப்ப நம்ம பிள்ளைங்க ஆடுற ரெண்டு விளையாட்டு பிறந்ததே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துல, அதாவது ஒய்எம்சிஏ-ல. பாஸ்கெட்பால 1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்பிரிங்பீல்டுல உருவாக்கின ஜேம்ஸ் நைஸ்மித், இறையியல் படிச்சவர். வாலிபால் 1895, அதுவும் ஒய்எம்சிஏ-தான். சென்னை நந்தனத்துல இருக்கே ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி, அத 1920-ல ஆரம்பிச்ச ஹாரி பக்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜர். லிடெல் ஓடின அதே ஒலிம்பிக்ஸ். நம்ம ஊர் ஸ்கூல் பிடி மாஸ்டர்ல எத்தனையோ பேர் அங்க படிச்சு வந்தவங்க, இத அந்தப் பெரியவங்ககிட்ட அன்பா எடுத்துச் சொல்லுங்க.

ஊழியத்துக்கு அழைப்பு இருக்கு, ஸ்போர்ட்ஸ விட்டுடணுமா?

சிலருக்கு ஆமா. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் சி.டி. ஸ்டட், 1882 ஓவல் டெஸ்ட்ல ஆஸ்திரேலியாகிட்ட இங்கிலாந்து 7 ரன்ல தோத்த மேட்ச்ல, ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஒரு பந்து கூட ஆடாம நாட் அவுட்டா நின்னவர், அந்த ரெண்டு நாடும் ஆடுற ஆஷஸ் பிறந்ததே அந்தத் தோல்வியிலதான். 1885-ல கிரிக்கெட்ட விட்டு சீனாவுக்கு மிஷனரியாப் போனார், 1900 முதல் 1906 வரைக்கும் நம்ம ஊட்டியிலயும் ஊழியம் பண்ணார், கடைசியா காங்கோ. எல்லாருக்கும் இதே வழின்னு இல்ல. டீமுக்குள்ள இருந்துக்கிட்டே உண்மையா வாழ்றதும் ஊழியம்தான், அதுக்கும் ஆள் வேணும்.

ஜெர்சிக்குள்ள இயேசு டி-ஷர்ட் போட்டுக் காட்டலாமா?

2007 சாம்பியன்ஸ் லீக் பைனல் ஜெயிச்சதும் பிரேசில் புட்பால் வீரர் காகா, நான் இயேசுவுக்குச் சொந்தம்னு எழுதின டி-ஷர்ட்டக் காட்டினார். இப்ப புட்பால் விதிப்படி மத வாசகம் காட்டக் கூடாது. விதிய மதிங்க. முழங்கால் போட டி-ஷர்ட் வேணாம்.

ஜெபிக்கிற வீரர்லாம் நேர்மையானவங்கதானா?

ஹான்சி குரோனியே தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் கேப்டனா இருந்தவர், விசுவாசின்னு ஊருக்கே தெரியும், 2000-ல மேட்ச் பிக்ஸிங் பணம் வாங்கினது வெளிய வந்துச்சு. பண ஆசை யாரையும் விட்டு வைக்காது. சாட்சி சொல்ற வீரனுக்கு ரசிகன் மட்டும் போதாது, முகத்துக்கு நேரா கேள்வி கேக்குற ஒரு பாஸ்டரும் ஒரு நண்பனும் வேணும்.

பெட் கட்டிட்டு ஜெபிக்கலாமா?

வேணாம். காசு வெச்சு ஆடுற ஆப் எல்லாத்தையும் 2025-ல மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை பண்ணிருக்கு. சம்பளத்த இதுல விட்டு அழிஞ்ச குடும்பங்க நம்ம சபைகள்லயும் இருக்கு.

என் பையனுக்கு எட்டு வயசு. "நான் ஜெபம் பண்ணேனே, அப்புறம் ஏன் தோத்தோம்?"னு கேக்குறான். என்ன சொல்ல?

உடனே "ஆண்டவர் இதவிடப் பெருசா வெச்சிருக்கார்"னு சொல்லிடாதீங்க, எட்டு வயசுக்கு அது புரியாது, சில சமயம் பொய்யும் ஆயிடும். மொதல்ல அழ விடுங்க. அப்புறம், நீ ஜெபம் பண்ணத ஆண்டவர் கேட்டார், எதிர் டீம்லயும் உன்ன மாதிரி ஒருத்தன் ஜெபம் பண்ணியிருப்பான், அவனையும் கேட்டார், ரெண்டு பேருமே அவருக்குப் பிள்ளைங்கன்னு சொல்லுங்க. அவன் ஒத்துக்க மாட்டான், பரவாயில்ல. தோத்ததால ஆண்டவர் கோவமா இருக்காரான்னு அவனுக்குள்ள ஒரு பயம் இருக்கும், வாய விட்டுக் கேக்க மாட்டான், அதனால நீங்களே முந்திக்கிட்டு, இல்லவே இல்லன்னு சொல்லிடுங்க. நீங்களும் மேட்ச் தோத்ததுக்கு அவன்மேல மூஞ்சியத் தூக்காதீங்க, அப்பா முகத்த வெச்சுத்தான் அவன் ஆண்டவரோட முகத்தக் கற்பனை பண்ணுவான். அடுத்த மேட்சுக்கு முன்னாடி மறுபடியும் அவனோட சேர்ந்து ஜெபம் பண்ணுங்க, இந்தத் தடவை எதிர் டீம் கோல்கீப்பருக்கு அடிபடக் கூடாதுன்னு அவனையே சொல்ல விடுங்க.